லெட்: போக விடுவதும் தடுத்து நிறுத்துவதும்

சில வருஷங்களுக்கு முன்னால் என் டீமில் இருந்த ஒரு பெண்ணை ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, மனிதவளத் துறையில் இருந்து எழுதிக் கொடுத்திருந்த வாசகத்தை அப்படியே சொன்னேன். ஆங்கில வாசகம். அதில் முக்கியமான வினைச்சொல் 'லெட்'. "யுவர் ரோலை எடுத்துட்டாங்க, சோ வி ஹேவ் டு லெட் யூ கோ." மூன்று எழுத்து. எல்-ஈ-டி. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சொல்.

அந்தப் பெண் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவள், என்னைப் போலவே. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் போறேன்னு கேக்கவே இல்லையே சார்" என்றாள்.

அப்போது என்னிடம் பதில் இல்லை. அந்தச் சொல்லைத் தோண்ட ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். தோண்டியதில் கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன். எனக்கு மொழியியலில் பட்டம் கிடையாது. நான் படித்தது பி.இ. அகராதி புரட்டுவது பொழுதுபோக்கு, அவ்வளவுதான்.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த லெட்

லெட் என்றால் 'அனுமதி' என்று பள்ளியில் படித்தோம். "லெட் மி கோ" என்றால் 'என்னைப் போக விடு'. இதில் நம்மில் பலர் செய்யும் தப்பு ஒன்று உண்டு: "லெட் மி டு கோ" என்று நடுவில் ஒரு 'டு' போடுவது. அலவ், பெர்மிட் ரெண்டுக்கும் 'டு' வேண்டும், லெட்டுக்கு வேண்டாம். இன்னொரு விசித்திரம், இந்த வினைக்கு மூன்று காலத்துக்கும் ஒரே உருவம். நேற்றும் லெட், இன்றும் லெட், 'ஹேவ்' சேர்த்தாலும் லெட்.

தமிழில் இதற்கு நேர் ஜோடி 'விடு'. இந்த ரெண்டு சொல்லும் எவ்வளவு தூரம் சேர்ந்து நடக்கின்றன என்று பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். லெட்டின் பழைய வடிவம் பழைய ஆங்கிலத்தில் 'லேட்டன்'. முதல் எழுத்து நெடில் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அதற்கு 'அனுமதி' என்பதோடு 'விட்டுச் செல்', 'விட்டுவிடு' என்ற பொருளும் உண்டு. ஜெர்மன் மொழியின் 'லாஸன்', டச்சு மொழியின் 'லாட்டன்' எல்லாம் இதன் உறவுக்காரர்கள். ஜெர்மனில் இன்றைக்கும் 'லாஸன்' என்றால் விடு, விட்டுவை, செய்ய விடு, எல்லாமே.

அந்தக் கால வைத்தியர்கள் நோயாளியின் நரம்பைக் கீறி ரத்தம் வெளியேற்றுவார்கள். அதற்குப் பெயர் 'பிளட்-லெட்டிங்'. ரத்தத்தை வெளியே விடுதல். தண்ணீர் உள்ளே விடும் வழி இன்லெட், வெளியே விடும் வழி அவுட்லெட். நம் வயலில் மடையைத் திறந்து "தண்ணி விட்டாச்சா?" என்று கேட்பதும் இதே விடுதல்தான்.

டூ-லெட் போர்டு

சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு மறக்க முடியாத பலகை. கேட்டில் கட்டித் தொங்கும் 'டூ-லெட்'. வீடு விடப்படுவதற்கு இருக்கிறது என்று அர்த்தம். அமெரிக்காவில் இதையே 'ஃபார் ரெண்ட்' என்று எழுதுவார்கள். 'டூ-லெட்' பிரிட்டன்காரர்கள் பழக்கம், நமக்கும் அங்கிருந்து வந்தது. அந்த ஊர் விடலைப் பையன்கள் ரெண்டு சொல்லுக்கும் நடுவே ஓர் 'ஐ' எழுத்தைக் கிறுக்கி 'டாய்லெட்' ஆக்கிவிடுவது பழைய சேட்டை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ரெண்ட்' என்ற வினையை வீட்டுக்காரரும் சொல்லலாம், குடிவருபவரும் சொல்லலாம். லெட் அப்படி இல்லை. அது வீட்டுக்காரர் பக்கத்துச் சொல். குடித்தனக்காரர் 'லெட்' பண்ண முடியாது. அப்படிப் பண்ணினால் அது 'சப்-லெட்', உள்வாடகை. வாடகை ஒப்பந்தத்தில் அது கூடாது என்று தனியாக ஒரு வரி போட்டுவிடுவார்கள்.

தமிழிலும் அதே கணக்கு. வீட்டுக்காரர் வாடகைக்கு விடுகிறார், நாம் வாடகைக்கு எடுக்கிறோம். நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறார்கள், பொருளை ஏலம் விடுகிறார்கள். யாருடைய கையில் பொருள் இருக்கிறதோ அவர்தான் 'விட' முடியும். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் உறவில்லை. ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பி அடிக்கவும் இல்லை. ஆனாலும் ரெண்டு மொழியும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. விடுதல் என்றால், பிடித்திருந்த ஒரு கை தளர்வது. பிடித்திருக்காத கை எதையும் விட முடியாது.

செழியன் இயக்கிய 'டூ லெட்' படம் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கிய படம். ஐ.டி. துறை வளர்ந்த காலத்துச் சென்னையில், காலி செய்யச் சொல்லப்பட்ட ஒரு குடும்பம் வாடகை வீடு தேடி அலைவதுதான் கதை. ஐ.டி. வேலை என்று சொன்னதும் முகம் மலர்ந்த வீட்டுக்காரர்களை நானும் பார்த்திருக்கிறேன். எனக்கு முன்னால் வந்து கேட்டவருக்கு இல்லை என்று சொல்லிய வீடுகளாகவும் அவை இருந்திருக்கும். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

பாஸ்போர்ட்டில் ஒளிந்திருக்கும் எதிரி

இப்போது உங்கள் பாஸ்போர்ட்டை எடுங்கள். குடியரசுத் தலைவர் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சிட்டிருக்கும். இந்தப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரைச் சுதந்திரமாகப் போக அனுமதியுங்கள், தேவையான உதவியும் பாதுகாப்பும் கொடுங்கள் என்று உலகத்தில் உள்ள அதிகாரிகளுக்குச் சொல்கிறது. நடுவில் ஒரு தொடர்: 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்'.

'வித்தவுட் லெட்' என்றால் என்ன? லெட் என்றால் அனுமதி என்று எடுத்துக்கொண்டால் 'அனுமதி இல்லாமல்' என்று வரும். அனுமதி இல்லாமல் போக அனுமதியுங்கள்! அர்த்தமே கெட்டுப் போகிறது. முதல் பாஸ்போர்ட் வந்த காலத்தில் இதைப் படித்துவிட்டு, அச்சுப் பிழையோ என்றுகூட நினைத்தேன்.

பிழை இல்லை. இது வேற லெட். இதற்குப் பொருள் 'தடை'. 'தடையோ தடங்கலோ இல்லாமல்' என்பதுதான் அந்தத் தொடர். அனுமதி என்ற பொருளுக்கு அந்த வாசகத்தில் 'அலவ்' என்ற சொல் தனியாக இருக்கிறது. சட்ட ஆங்கிலத்துக்கு ஒரே பொருள் தரும் ரெண்டு சொல்லைக் கோத்துப் போடும் பழக்கம் உண்டு. 'நல் அண்ட் வாய்ட்', 'எய்ட் அண்ட் அபெட்' மாதிரி. நம் பத்திரங்களில் 'பந்தகம் பராதீனம்' என்று வருவது போல. மற்ற இடங்களில் செத்துப்போன இந்த லெட், அப்படி ஒரு ஜோடிக்குள் சிக்கிக்கொண்டதால் பாஸ்போர்ட்டில் மட்டும் பிழைத்துக் கிடக்கிறது.

இன்னொரு புகலிடம் விளையாட்டு மைதானம். டென்னிஸில் சர்வீஸ் போட்ட பந்து வலையில் உரசிவிட்டுச் சரியான கட்டத்தில் விழுந்தால் 'லெட்' என்பார்கள். சர்வீஸை மறுபடி போட வேண்டும். 'பரவாயில்லை, இன்னொரு தடவை போட விடுகிறேன்' என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உண்மையில் 'குறுக்கே தடை வந்துவிட்டது' என்பதுதான் அதன் பொருள். ஸ்குவாஷ் பார்த்தால் சந்தேகமே வராது. அதில் ரெண்டு பேரும் ஒரே கட்டத்துக்குள் ஓடுகிறார்கள். எதிராளி வழியை மறித்துவிட்டால் ஆட்டக்காரர் நின்று 'லெட்' கேட்பார். நடுவர் ஒத்துக்கொண்டால் மறு ஆட்டம். நம் சென்னைக்கார ஜோஷ்னா சின்னப்பா ஆடுவதை டி.வி.யில் பார்த்தால் இந்தச் சொல் பலமுறை காதில் விழும்.

அர்த்தம் தலைகீழான கதை

400 வருஷம் முன்பு வரை இந்தத் தடை-லெட் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது. ஷேக்ஸ்பியரின் 'ஹேம்லெட்' நாடகத்தில், முதல் அங்கம், தந்தையின் ஆவி கையசைத்துக் கூப்பிடுகிறது. நண்பர்கள் போகாதே என்று பிடித்துக்கொள்கிறார்கள். என்னைத் தடுப்பவனை ஆவியாக்கிவிடுவேன் என்று ஹேம்லெட் கத்துகிறான். அங்கே 'தடுப்பவன்' என்பதற்கு அவன் சொல்லும் வினை லெட்தான். இன்றைய ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் வாசித்தால், போக விடுபவனையா கொல்லப் போகிறான் என்று குழம்புவார்.

1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளிலும் இதே சிக்கல். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தில், உங்களிடம் வரப் பலமுறை நினைத்தேன், இதுவரை தடைப்பட்டது என்று பவுல் சொல்கிறார். அந்தத் 'தடைப்பட்டது' ஆங்கிலத்தில் லெட். தெசலோனிக்கேயருக்கு எழுதிய ரெண்டாம் நிருபத்தில், ஒன்றைத் தடுத்து நிறுத்திக்கொண்டிருப்பவரைப் பற்றிய ஒரு வசனம். அங்கேயும் லெட். காலம் போகப் போக, வாசிப்பவர்கள் நேர் எதிராகப் புரிந்துகொள்ளும் நிலை வந்துவிட்டது. 1881இல் திருத்திய புதிய ஏற்பாடு வந்தபோது இந்த இடங்களில் லெட்டை எடுத்துவிட்டு வேறு சொல் போட்டார்கள். மூலத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. வாசிப்பவரின் மொழி நகர்ந்துவிட்டது. பழைய புரோகிராமைப் புதிய கம்பைலரில் ஓட்டினால் வேறு விடை வருகிற மாதிரி.

ரெண்டும் எப்படி ஒன்றாயின?

பழைய ஆங்கிலத்தில் இவை தனித்தனிச் சொற்கள். விடுவதற்கு 'லேட்டன்', தடுப்பதற்கு 'லெட்டன்'. ஒன்று நெடில், ஒன்று குறில். கல், கால் மாதிரி காதால் கேட்டே பிரித்துவிடலாம். பிறகு ஆங்கில வினைகளின் கடைசியில் இருந்த 'அன்' விகுதி தேய்ந்து விழுந்தது. லேட்டனின் நெடிலும் நாளடைவில் குறுகியது. மிஞ்சியது ரெண்டுக்கும் ஒரே உருவம்: லெட்.

ஒரே பெயரில் ரெண்டு எதிரெதிர் ஃபங்ஷன் இருந்தால் புரோகிராம் ஓடாது. மொழி ஓடும், ஆனால் ஒன்றைக் கைவிடும். தடுப்பதற்கு 'ஹிண்டர்', 'ஸ்டாப்', 'பிரிவெண்ட்' என்று ஆள் இருந்தது. ஆகவே தடை-லெட் ஒதுங்கிக்கொண்டது.

இதோடு முடிந்தது என்றால், தற்செயலாக ஒரே உருவம் எடுத்த ரெண்டு அந்நியர்களின் கதை என்று முடித்துவிடலாம். ஆனால் இன்னும் ஒரு படி கீழே போனால் ரெண்டும் பங்காளிகள்!

வேரின் பொருள் 'தளர்தல்' என்று சொற்பிறப்பு அகராதிகள் சொல்கின்றன. பிடி தளர்ந்தால் கையில் இருப்பது போய்விடும். அது லேட்டன், விடுதல். இன்னொரு கிளையில், உடல் தளர்ந்தவன் மெதுவாக நடப்பான். 'மெதுவான' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் 'லட்' என்ற மாதிரி ஒரு சொல். ஒருவனை மெதுவாக்கினால் அது தாமதப்படுத்துவது, தடுப்பது. அது லெட்டன். அந்த 'மெதுவான' என்ற சொல்தான் இன்றைக்கு நாம் தமிழிலேயே புழங்கும் 'லேட்'. "பஸ் லேட்" என்கிறோமே, அதே லேட். எல்லாரையும்விட லேட்டாக வருபவர் 'லாஸ்ட்'. இதுவும் அதே குடும்பம். லத்தீனில் 'லாஸ்ஸுஸ்' என்றால் களைத்தவன். அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது 'அலாஸ்', நம் 'ஐயோ'.

ஆக, விடுவதும் தடுப்பதும் ஒரே தளர்ச்சியில் பிறந்தவை. யார் தளர்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். பிடித்திருப்பவன் கை தளர்ந்தால் மற்றவனுக்கு விடுதலை. நடப்பவன் கால் தளர்ந்தால் அவனுக்குத் தடை.

போகலாமும் போகட்டுமும்

'லெட் அஸ் கோ' என்று ஒரு வாக்கியம். தமிழில் எப்படிச் சொல்வீர்கள்? ரெண்டு விதமாகச் சொல்லலாம். 'எங்களைப் போக விடுங்க' என்று கெஞ்சலாம். 'வாங்க போகலாம்' என்று கூப்பிடலாம். ஆங்கிலத்தில் நாம், நாங்கள் என்ற பிரிவு கிடையாது என்பது தெரிந்ததே. ஆனால் இந்த ஒரு இடத்தில் மட்டும் பின்வாசல் வழியாக அந்தப் பிரிவு வந்திருக்கிறது. சுருக்கி 'லெட்ஸ் கோ' என்றால் அது 'நாம்' மட்டும்தான். கடத்தல்காரனிடம் மாட்டிக்கொண்டவர்கள் 'லெட்ஸ் கோ' என்று கெஞ்ச மாட்டார்கள்.

'லெட் ஹிம் கம்' என்பது 'அவன் வரட்டும்'. இங்கே ஆங்கிலத்துக்கு ஒரு தனிச்சொல் தேவைப்படுகிறது, நமக்கு விகுதியே போதும். 'வரவொட்டாமல் தடுத்தான்' என்று எழுதுகிறோமே, அதில் உள்ள 'ஒட்டு' என்பதற்கு இசைதல், அனுமதித்தல் என்று பொருள். 'வரட்டும்' என்பதற்குள் கரைந்திருப்பதும் அதே 'ஒட்டும்'தான் என்று இலக்கண ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். நாமும் ஒரு காலத்தில் லெட் போட்டுத்தான் பேசியிருக்கிறோம், அது தேய்ந்து விகுதி ஆகிவிட்டது.

தமிழ் மீடியத்தில் கணக்குப் போட்டவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். "ராமுவின் வயது எக்ஸ் என்க." அந்த 'என்க' வியங்கோள் வினைமுற்று. ஆங்கிலப் புத்தகத்தில் அந்த இடத்தில் 'லெட்' இருக்கும். யூக்ளிட் எழுதிய கிரேக்கத்தில் இதற்குப் படர்க்கை ஏவல் வடிவமே இருந்தது, ஆங்கிலத்தில் இல்லை. அதனால் லெட்டைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

1964இல் டார்ட்மத் கல்லூரியில் கெமனியும் கர்ட்ஸும் பேசிக் மொழியை உருவாக்கியபோது, கணக்கில் இருந்த இந்த லெட்டை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். முதன்முதலில் 'லெட் ஏ = 5' என்று திரையில் பார்த்தபோது, கூடப் படித்த ஆங்கில மீடியம் பையன்கள் 'எதுக்குடா அனுமதி?' என்று கேட்டார்கள். எனக்கு அந்தக் குழப்பம் வரவில்லை. 'ஏ என்பது 5 என்க' என்று மனசுக்குள் தானாக ஓடியது. தமிழ் மீடியத்தால் கம்ப்யூட்டர் வகுப்பில் எனக்குக் கிடைத்த முதல் லாபம் அது.

பழைய சண்டை கம்ப்யூட்டருக்குள்ளும் தொடர்கிறது என்பது வேடிக்கை. 2015இல் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு வந்த 'லெட்'டில் வைத்த மதிப்பைப் பிறகு மாற்றலாம். 2014இல் ஆப்பிள் வெளியிட்ட ஸ்விஃப்ட்டில் 'லெட்' என்று சொல்லிவிட்டால் அப்புறம் மாற்றவே முடியாது. ஒரு மொழியில் விடுகிறது, இன்னொன்றில் தடுக்கிறது. ரெண்டிலும் வேலை செய்பவர்கள் ஒரு நாளாவது தலையைச் சொறிந்திருப்பார்கள்.

லெட் கோ

இனி அந்தச் சின்ன அறைக்கு வருகிறேன்.

'லெட் கோ' என்றால் போக விடுதல். கூண்டைத் திறந்து பறவையைப் போக விடுகிறோம். போலீஸ் விசாரித்துவிட்டு ஆளைப் போக விடுகிறது. எல்லாவற்றிலும் போக வேண்டும் என்று ஆசைப்படும் ஒருவர் இருக்கிறார், பிடித்து வைத்திருந்த ஒரு கை இருக்கிறது. கை தளர்கிறது, அவர் சந்தோஷமாகப் போகிறார். லெட் என்ற வினை வேலை செய்ய இந்த ரெண்டும் வேண்டும்.

வேலையை விட்டு அனுப்பும்போது என்ன நடக்கிறது? போக ஆசைப்பட்டவர் யாரும் அங்கே இல்லை. அப்படி ஆசைப்பட்டிருந்தால் அவரே பேப்பர் போட்டிருப்பார். பிடித்து வைத்திருந்த கையும் அங்கே இல்லை. உண்மையில் பிடித்துக்கொண்டிருந்தது அந்தப் பெண்தான். வீட்டுக் கடன், தம்பி படிப்பு, அப்பாவின் மருந்து எல்லாவற்றையும் அந்த வேலையைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் அவள் விரலைப் பிரித்து எடுத்துவிட்டு, 'உன்னைப் போக விடுகிறோம்' என்றோம்.

எழுதிக் கொடுத்தவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. காயம் படக்கூடாது என்று மெத்தை வைக்கிற மாதிரிதான் இந்தச் சொல்லை வைத்திருப்பார். நான் சொன்னதும் அதனால்தான். 'வேலையை விட்டு எடுத்துட்டாங்கம்மா' என்று தமிழில் சொல்ல என் நாக்கு வரவில்லை. ஆங்கிலம் கைகொடுத்தது. ஆனால் அந்த மெத்தை யாருக்கு என்று பிற்பாடுதான் யோசித்தேன். விழுந்தது அவள். மெத்தை என் காலுக்குக் கீழே இருந்தது.

அவள் சொன்ன பதிலைத் திரும்பப் பாருங்கள். அவளுக்கு ஆங்கிலம் வராததால் வந்த பதில் இல்லை. நான் சொன்ன சொல்லை, அதன் ஆயிரம் வருஷத்துப் பொருளில், சரியாகப் புரிந்துகொண்டு சொன்ன பதில் அது. புரியாமல் பேசியது நான்.

அதற்குப் பிறகு இன்னும் ரெண்டு தடவை அதே மாதிரி அறையில் உட்கார வேண்டி வந்தது. எழுதிக் கொடுத்த காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, "கம்பெனி உங்களை வேலையை விட்டு எடுக்குது. நீங்க செஞ்ச தப்பு எதுவும் இல்லை" என்று நேராகச் சொன்னேன். சொல்வதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கேட்டவர்கள் கோபப்பட்டார்கள். ஒருவர் சண்டையே போட்டார். போடட்டும் என்று இருந்தேன். 'லெட் கோ' என்று கேட்டிருந்தால் அந்தக் கோபத்தைக்கூட அவர் யார் மேல் வைப்பது என்று தெரியாமல் நின்றிருப்பார்.

அந்தப் பெண்ணுக்கு மூன்று மாதத்தில் வேறு இடம் கிடைத்தது. இப்போது நல்ல நிலையில் இருக்கிறாள், எப்போதாவது பேசுவாள். போன தடவை பேசியபோது இந்த ஆராய்ச்சியை எல்லாம் சொல்லி, அன்றைக்கு அப்படிச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

"அட, விடுங்க சார்" என்றாள்.